படகில் யாருக்கு இடம்?

அன்புள்ள சார்,

நாங்கள் கேரள எல்லையில் பாறசாலையில் இருக்கிறோம். வீட்டில் பேசுவது தமிழ்தான். கணவருக்குக் களியக்காவிளை சந்தையில் கடை. மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் அவள் உயரத்தையும், கையை விரிக்கச் சொல்லி அந்த நீளத்தையும் அளந்தார்கள். ஆலப்புழையில் தங்கிப் படித்துக்கொண்டே ரோயிங் பழகலாம் என்று சேர்த்துக்கொண்டார்கள். அதுவரை அவள் படகில் ஏறியதே கிடையாது. இப்போது பிளஸ் ஒன். தரையில் வைத்து வலித்துப் பழகும் எர்கோ மெஷினில் அணியிலேயே நான்காவது நல்ல நேரம் அவளுடையதுதான். ஆனால் போட்டிக்கு நால்வர் படகு இறக்கும்போது ஐந்தாவதாக வந்த பெண்ணை எடுத்துக்கொண்டு, இவளை ரிசர்வ் என்று கரையில் உட்காரவைத்துவிட்டார்கள். நாம் தமிழ் என்பதால்தான் என்கிறார் இவர். பிள்ளை தோள் அகன்று, கை காய்த்து, கறுத்துப்போய் வீட்டுக்கு வருகிறாள். படிப்பும் போய், இதுவும் இல்லை என்று ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் ஆலப்புழையில் படித்தபோது படகு ஓட்டியதாக எழுதியிருந்தீர்கள். அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா?

(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு திருத்தம். நான் படகு ஓட்டவில்லை. படகில் உட்கார்ந்து கத்தினேன். நால்வர் தண்டு (நீளத் துடுப்பு) வலிக்க, பின்முனையில் சுக்கான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பான். காக்ஸ் என்று பெயர். ஒன்பதாம் வகுப்பில் என் எடை 38 கிலோ. அந்த ஒரு தகுதி போதுமானதாக இருந்தது. போட்டி நாளில் எடை போதாது என்று காலடியில் மணல் மூட்டை வேறு வைப்பார்கள். (இன்றைய சர்வதேச விதிப்படி காக்ஸுக்குக் குறைந்தது 55 கிலோ வேண்டும், குறைந்தால் பாரம் ஏற்றியாக வேண்டும்.) தமிழ்ப் பையன் என்பதால்தான் உனக்குத் தண்டு தராமல் கயிற்றைத் தந்திருக்கிறார்கள் என்று என் அப்பாவும் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கயிற்றுப்பாய்க் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதினார். ஆகவே உங்கள் வீட்டுக்காரரின் சந்தேகம் எனக்குப் பழகியதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் பக்கத்தில் ரோயிங் என்றதும் எல்லோருக்கும் படகுப் பந்தயமான வள்ளங்களிதான் நினைவு வரும். 1952இல் நேரு ஆலப்புழைக்கு வந்தபோது நடத்தி, அவர் பெயரிலேயே கோப்பை வைத்து இன்றும் புன்னமடைக் காயலில் நடக்கிறதே, அது. அது வேறு சாதி. சுண்டன் வள்ளத்தில் ஏறக்குறைய நூறு பேர் போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்து, கையில் பிடித்த சின்னத் துடுப்பால் தண்ணீரைத் தோண்டுவார்கள். பாட்டு உண்டு, தாளம் உண்டு. உங்கள் மகளின் படகில் தண்டு படகோடு பூட்டப்பட்டிருக்கிறது. உட்காரும் பலகை சக்கரத்தில் முன்னும் பின்னும் ஓடுகிறது. போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். முன்னால் தெரிவது அடுத்தவளின் முதுகு மட்டும்.

தண்டு வலித்தல் என்று இதற்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது. மலையாளத்திலும் நம் எல்லைப்புறத் தமிழிலும் ‘வலி’ என்றால் இழு. எங்கள் ஊருக்கு வந்திருந்த மதுரைக்கார மாமா ஒருவர், கரையில் நின்று நான் ‘வலி, வலி’ என்று அலறுவதைக் கேட்டுவிட்டு, பையனுக்கு எங்கேயோ வலிக்கிறது, யாரும் கவனிக்க மாட்டேன் என்கிறார்களே என்று பதறிப்போனார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எர்கோவில் நான்காவது, அப்படியானால் நால்வர் படகில் இடம் இருக்க வேண்டும் என்பது உங்கள் கணக்கு. கடைக்காரர் வீட்டுக் கணக்கு, தப்பில்லை. ஆனால் கடிதத்தில் ஒரு முக்கியமான தகவல் இல்லை. அது ஆளுக்கு இரண்டு தண்டு பிடிக்கும் ஸ்கல் படகா, ஆளுக்கு ஒரே தண்டு பிடிக்கும் ஸ்வீப் படகா?

ஸ்வீப் என்றால் நால்வரில் இருவர் ஒரு பக்கம், இருவர் மறு பக்கம். போ சைடு, ஸ்ட்ரோக் சைடு என்பார்கள். போ சைடு என்பது படகுக்கு வலப்பக்கம், திரும்பி உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கோ இடப்பக்கம். இந்தக் குழப்பத்திலேயே எனக்கு முதல் மாதம் போயிற்று. வருடக்கணக்காக ஒரு பக்கம் வலித்துப் பழகிய உடம்பு மறு பக்கத்துக்கு உடனே வராது. இப்போது முதல் நான்கு பேரில் மூன்று பேர் ஒரே பக்கத்துக்காரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவரில் ஒருத்தி வெளியே போயாக வேண்டும், எதிர்ப்பக்கத்திலிருந்து ஐந்தாவது பெண் உள்ளே வந்தாக வேண்டும். இதில் யாருடைய தாய்மொழிக்கும் வேலை இல்லை. இரண்டு வலது செருப்பை எவ்வளவு நல்ல கடையில் வாங்கினாலும் போட்டு நடக்க முடியுமா? உங்கள் மகளிடம் இன்று இரவே போனில் கேளுங்கள்: நீ எந்தப் பக்கம்?

ஸ்கல் படகு என்றால் இந்தச் சமாதானம் செல்லாது. அப்போதும் எர்கோ சொல்வது பாதிதான். அந்த மெஷின் தரையில் நிற்கிறது. இரண்டாயிரம் மீட்டருக்கு எவ்வளவு நேரம், ஐந்நூறுக்கு எவ்வளவு நேரம் என்று அது காட்டுவது அவளுடைய பலத்தையும் மூச்சையும் மட்டும். உயரமும் எடையும் உள்ள பிள்ளைக்கு அதில் அனுகூலம். படகில் அந்த எடையையும் சேர்த்துத் தண்ணீரின் மேல் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இன்னொன்று இருக்கிறது, வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாதது. நான்கு பெண்கள் ஆளுக்கு அறுபது கிலோ என்றால் 240 கிலோ. அவர்கள் உட்கார்ந்திருக்கும் படகோ ஐம்பது கிலோவை ஒட்டித்தான். சின்ன வயதில் குளத்தில் வாழைத்தடியைக் கட்டி மிதக்கவிட்டு அதன்மேல் நடந்திருப்பீர்கள். நாம் முன்னால் அடி வைத்தால் தடி காலுக்குக் கீழே பின்னால் நழுவும். அதே கதைதான் இங்கேயும். ஒருமுறை வலித்து முடித்தபின், அடுத்ததற்காகக் காலை மடக்கிப் பலகையோடு படகின் பின்முனைப் பக்கம் சறுக்கி வருகிறார்களே, அந்தச் சறுக்கல் நிதானமாக, நால்வருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒருத்தி மட்டும் அவசரப்பட்டு வந்து மோதினால், மற்ற மூவரும் சேர்த்து வைத்த ஓட்டத்தை அந்த மோதல் தின்றுவிடும். எர்கோவில் எவ்வளவு அவசரப்பட்டாலும் மெஷின் குறை சொல்லாது, நேரம் நன்றாகவே வரும். தண்டின் இலை தண்ணீரில் விழும் கணத்தை கேட்ச் என்பார்கள். அது கால் நொடி தவறினாலும் படகு ஒரு பக்கம் சாயும். காக்ஸ் இடத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தச் சாய்வு இடுப்பில் தெரியும். எங்கள் படகில் எல்லோரையும்விட பலசாலியான ஒருவன் இருந்தான். அவன் இல்லாத நாட்களில் படகு வேகமாகப் போனது. பாவம், அவனிடம் இதை யாரும் சொல்லவில்லை, அவன் அந்த வருடம் முழுக்கத் தேங்காய் மூட்டை தூக்கிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. சீட் ரேஸ் என்று பெயர். இரண்டு நால்வர் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடுவார்கள், நிமிடத்துக்கு இத்தனை வலி என்று சொல்லி வைத்து. முதல் படகு ஒரு படகு நீளம் முந்துகிறது என்று வையுங்கள். அங்கேயே நிறுத்தி, இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பெண்ணை மட்டும் இடம் மாற்றுவார்கள். மறுபடி ஓட்டம். இப்போது முதல் படகு மூன்று நீளம் முந்தினால், அதில் புதிதாக ஏறியவள் இறங்கியவளைவிட நல்லவள் என்று தெரிந்துவிடும். வேறு எதுவும் மாறவில்லையே. காற்று, களைப்பு, வேண்டுமென்றே மெதுவாக வலிக்கும் தோழிகள் என்று இதிலும் ஓட்டை உண்டு, அதனால் வேறு வேறு நாட்களில் வைத்துப் பார்ப்பார்கள். உங்கள் கணவர் பயிற்சியாளரிடம் போனால், ‘என் பிள்ளையை ஏன் எடுக்கவில்லை’ என்று தொடங்க வேண்டாம். சீட் ரேஸ் வைத்தீர்களா, அதில் என்ன வந்தது, எதைத் திருத்தினால் அவள் உள்ளே வருவாள் என்று கேட்கட்டும். முதல் கேள்விக்கு எல்லாப் பயிற்சியாளரிடமும் ஒரு மழுப்பல் தயாராக இருக்கும். மற்றதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். மழுப்பினால், உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஏனென்றால் அப்படி எதுவும் கிடையாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தமிழர்களுக்கு அங்கே வைத்திருக்கும் பெயரான ‘பாண்டி’ என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். சிலர் அன்பாக, சிலர் அப்படி இல்லாமல். ஆனால் ஒரு பதக்கத்தை நம்பி இருக்கும் பயிற்சியாளர், வேகமான பெண்ணைக் கரையில் விட்டுவிட்டு மெதுவானவளை ஏற்ற யோசிப்பார். அவருக்கும் மேலே பதில் சொல்ல ஆள் இருக்கிறார்கள். மொழி உண்மையிலேயே குறுக்கே வந்த இடம் ஒன்று எனக்குத் தெரியும், அது என் தப்பு. ஒரு போட்டியில் முக்கால் தூரம் வரை முன்னால் இருந்தோம். காயலில் ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்று மிதந்து வந்தது. படகில் அதைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் நான். பதற்றத்தில் மலையாளம் மறந்துவிட்டது. வாயில் வந்தது முழுக்கத் தமிழ், அதுவும் வீட்டில் அம்மா திட்டும் தமிழ். வலிப்பவர்களுக்குப் புரியவில்லை. நான் சுக்கானை ஒரேயடியாகத் திருப்பினேன். அப்படித் திருப்பவே கூடாது, சுக்கான் தண்ணீரைத் தடுத்து வேகத்தைக் கொன்றுவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இழுக்க வேண்டும். ஒரு பக்கத்துத் தண்டுகள் இரண்டும் கொடியில் சிக்கின. கடைசியாக வந்தோம். எனக்கு நேர் எதிரே, ஸ்ட்ரோக் என்னும் இடத்தில் இருந்த குட்டநாட்டுப் பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, அன்று நான் கத்தியதற்கெல்லாம் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டான். அடுத்த வாரம் முழுக்க என்னை அந்த வார்த்தைகளாலேயே கூப்பிட்டான்.

படிப்பு பற்றி உங்களைப் பயமுறுத்தவும் மாட்டேன், ஆசை காட்டவும் மாட்டேன். கேரளத்தில் தகுதியான விளையாட்டுச் சாதனைக்குக் கிரேஸ் மார்க் உண்டு. கல்லூரியிலும் அரசு வேலையிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. ஆனால் அதற்கெல்லாம் பதக்கமும் சான்றிதழும் வேண்டும், வெறும் காலை நேரப் பயிற்சி போதாது. ஆகவே பாடப் புத்தகத்தை மூடிவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். படகில் ஏறியதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அது ஒரு குறையே இல்லை. தத்து பாபன் போகனல் வறட்சிக்குப் பேர்போன நாசிக் மாவட்டக் கிராமத்துக்காரர், கிணறு வெட்டும் வேலை செய்தவர், 2012இல் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் தண்டைத் தொட்டார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் படகில் 13ஆம் இடம். 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் தங்கம். இதை உங்கள் மகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்குத் தெரிந்திருக்கும். கடைக்காரருக்குச் சொல்லுங்கள்.

கறுத்துப்போகிறாள், தோள் அகன்றுவிட்டது என்பதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. நீங்கள் கேட்காமல் விட்ட இரண்டை எழுதுகிறேன். அவள் வயிறு நிறையச் சாப்பிடுகிறாளா? எடை குறைக்கிறேன் என்று இந்தப் பிள்ளைகள் அரைகுறையாகத் தின்றுவிட்டு வலிக்கப் போவது உண்டு. மாதவிலக்கு மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால், பயிற்சியால் அப்படித்தான் என்று யார் சொன்னாலும் கேட்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். உடம்புக்குப் போதுமான தீனி இல்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம், எலும்பையும் அது பாதிக்கும். அடுத்தது, கீழ் முதுகு வலி. இந்த விளையாட்டில் அதிகம் அடிபடுவது அதுதான். கை காய்த்திருப்பது நல்லதே, பிளேடு வைத்துச் சீவிவிடாதீர்கள். சீவினால் அடுத்த நாள் மறுபடி கொப்புளத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று என்னைக் கேட்கிறீர்கள். கடிதம் முழுக்கத் தேடினேன், அவள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லை. ரிசர்வாக இருந்துகொண்டு விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து போகிறாளா, போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாளா? போகிறாள் என்றால் இந்த வருடம் விட்டுவையுங்கள்.

ஒருமுறை நீங்களே ஆலப்புழைக்குப் போய்ப் பாருங்களேன். முதல் நாள் மாலையே போய்த் தங்குங்கள், ஹவுஸ்போட்டுகள் கிளம்பித் தண்ணீரைக் கலக்குவதற்கு முன்பே பயிற்சி முடிந்துவிடும். போட்டி நாள் என்றால் எல்லோரும் முடிவுக் கோட்டில் கூடுவார்கள். நீங்கள் அங்கே நிற்க வேண்டாம். இரண்டாயிரம் மீட்டரில் ஆயிரம் தாண்டி, ஆயிரத்து ஐந்நூறுக்கு முன்னால் எங்காவது கரையில் இடம் கிடைத்தால் நில்லுங்கள். அங்கே கைதட்ட ஆளும் இருக்காது, முடிவும் கண்ணுக்குத் தெரியாது, பிள்ளைகள் எப்படி வலிக்கிறார்கள் என்று நன்றாகத் தெரியும். இலைகள் ஒன்றாக விழுகின்றனவா, ஒன்று மட்டும் பிந்துகிறதா என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஐந்தாவது பெண்ணையும் பாருங்கள். குடை எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே மழை சொல்லிக்கொண்டு வராது.