'கானா' சாப்பாடா, பாட்டா?

பாம்பனில் சங்குக் கடை நடத்தும் தாங்கள், வடநாட்டு யாத்ரீகர்கள் சொல்லும் 'கானா' சாப்பாடா பாட்டா என்று பிரித்தறிய முடியவில்லை என்றும், செவிச் சோதனையில் குறை ஏதும் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். குறை தங்கள் காதில் இல்லை. இந்தியில் இவை இரு வேறு சொற்கள்: சாப்பாட்டைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலியை மூச்சை அழுத்தியும், பாட்டைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலியைத் தொண்டை அதிரவும் ஒலிப்பார்கள். தமிழில் சொல்லின் முதலில் வரும் ககரத்தை மூச்சை அழுத்தி ஒலித்தாலும் தொண்டை அதிர ஒலித்தாலும் பொருள் மாறுவதில்லை என்பதால், நம் மூளை அவ்விரண்டையும் ஒரே ஒலியாகக் கொள்ளப் பழகிவிட்டது.

இப்பழக்கம் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. 1984-இல் உளவியல் ஆய்வாளர்கள் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் கேட்டு வளரும் குழந்தைகள் 6 முதல் 8 மாத வயதில் இந்தியின் தகர டகர வேறுபாட்டை உணர்ந்தார்கள். 10 முதல் 12 மாதத்திற்குள் அத்திறன் பெரிதும் குறைந்திருந்தது. நமக்கோ அந்த வேறுபாடு எளிது. வலையையும் வளையையும் கூடத் தடுமாறாமல் பிரிக்கிறோம்.

இழந்ததைப் பயிற்சியால் ஓரளவு மீட்கலாம். ஒரே ஆசிரியரின் குரலோடு நிற்காமல், பலர் சொல்லும் சாப்பாடு, பாட்டு ஆகிய இவ்விரு இந்திச் சொற்களையும் மாற்றி மாற்றிக் கேட்டு, எது என்று ஊகித்து, சரியா தவறா என்பதை உடனே அறிந்துகொள்ளுங்கள். தமிழ் எழுத்தில் மட்டும் குறித்துவைக்க வேண்டாம், அதில் இரண்டும் ஒன்றாகிவிடும். தாங்களே சொல்லும்போது உள்ளங்கையை வாயருகே வையுங்கள். சாப்பாட்டைக் குறிக்கும் சொல்லில் காற்று கையில் படும், பாட்டில் அவ்வாறு படாது.