அப்பாவின் கீபேட் போனில் கேட்காத சேவைக்கெல்லாம் காசு போகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

கேட்டவர் சொன்னது இதுதான்: ஊரில் இருக்கும் அப்பா கீபேட் போன் வைத்திருக்கிறார். பேலன்ஸில் போட்ட பணம் மாதத்துக்கு இரண்டு தடவை தானாகக் குறைகிறது. கஸ்டமர் கேரில் கேட்டால், பக்திப் பாடல் சேவை எடுத்திருக்கிறீர்கள் என்கிறார்கள். அவர் எதையும் எடுக்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா, இதையெல்லாம் யாரும் தட்டிக் கேட்க மாட்டார்களா?

கிடைக்கும். ஆனால் பணம் குறைந்த அன்றைக்கே அசைய வேண்டும், என்ன சொல்லிக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். வழியைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் இது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உங்கள் அப்பா, "நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன் போல" என்று தன்னையே நொந்துகொண்டிருப்பார். என் கடைக்கு வந்த பெரியவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் 2008-லிருந்து ஒன்பது வருடம் ரீசார்ஜ் கடை வைத்திருந்தேன். டாப்-அப், பேசும் கட்டணத்தைக் குறைக்கிற ரேட் கட்டர், புது சிம் எல்லாம் உண்டு. அப்போது 10 ரூபாய் போட்டால் பேசுவதற்கு ஏழு ரூபாய் சொச்சம்தான் கிடைக்கும், மீதி வரியிலும் கட்டணத்திலும் போய்விடும். அந்த ஏழு ரூபாயை வைத்துத்தான் கொத்தனார் மேஸ்திரியைக் கூப்பிடுவார், தேங்காய் வெட்டுகிறவர் தோப்புக்காரரைக் கூப்பிடுவார். அந்தக் காசு காணாமல் போனால் அவர்கள் வந்து நிற்பது கம்பெனி வாசலில் இல்லை, என் கடை வாசலில்.

பஸ் ஸ்டாண்ட் வாசலில் பூ விற்கும் ஒரு அக்கா இருந்தார். விடியற்காலையில் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் மல்லிகை வாங்கி வந்து கட்டி விற்பார். முகூர்த்த நாள் என்றால் விலை தாறுமாறாக ஏறும், அதனால் முந்தின நாளே மார்க்கெட்டில் இருக்கும் கமிஷன் கடைக்குப் போன் போட்டு இத்தனை கிலோ என்று சொல்லிவைத்துவிடுவார். ஒரு வைகாசி மாதம், முகூர்த்த நாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது என்னிடம் 50 ரூபாய் போட்டார். மறுநாள் சாயங்காலம் வந்து போனை மேஜையில் வைத்தார். "தம்பி, நேத்து காசு போட்டியா இல்லையா? ஒரு போன்கூடப் பேசல, இப்ப பேலன்ஸ் இல்லன்னு சொல்லுது."

நான் போட்டதற்கான மெசேஜைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் என் முகத்தைப் பார்த்து நம்பினார். கஸ்டமர் கேருக்கு அடித்து ஒன்று அமுக்கு, நான்கு அமுக்கு என்று சுற்றி ஒரு வழியாக ஆளைப் பிடித்தால், அந்த எண்ணில் ஜோதிடச் சேவைக்கு 30 ரூபாயும் கிரிக்கெட் ஸ்கோருக்கு 10 ரூபாயும் எடுத்திருக்கிறது என்றார். "நான் எங்க தம்பி ஜோசியம் கேட்டேன்?" என்று அந்த அக்கா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு என் போனிலிருந்துதான் மார்க்கெட்டுக்குப் பேசினார்.

இந்தச் சேவைகள் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்பதை அப்போது கண்ணால் பார்த்தேன். போன் சும்மா இருக்கும்போது திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கும். ஆங்கிலத்தில் இரண்டு வரி. கீழே இடதுபக்கம் ஓகே, வலதுபக்கம் கேன்சல். எது வந்தாலும் ஓகே அமுக்கினால் திரை பழையபடி ஆகிவிடும் என்பது கீபேட் போன் வைத்திருக்கும் கட்டைவிரலுக்குப் பழகிப்போன விஷயம். அந்தப் பழக்கத்தைச் சம்மதம் என்று கணக்கு எழுதிக்கொண்டார்கள். காலர் ட்யூனிலும் இதே கதைதான். நீங்கள் யாரையாவது கூப்பிடும்போது கேட்கிற பாட்டு, ஸ்டாரை அமுக்கினால் உங்கள் எண்ணுக்கும் வந்துவிடும். மடியில் இருக்கிற குழந்தை அமுக்கினாலும் வரும். அப்புறம் மாதாமாதம் 30 ரூபாய்.

சரி, சட்டம் எங்கே போனது என்று கேட்கிறீர்கள். விதிகள் இருக்கின்றன. 2011-லேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் ஜோதிடம், பாட்டு, ஸ்கோர் மாதிரியான எந்த மதிப்புக்கூட்டுச் சேவையையும் போடக்கூடாது என்று உத்தரவிட்டது. அது போதவில்லை என்பதால் 2013 ஜூலையில், ஒரு முறை சரி என்றால் போதாது, இரண்டாவது முறையும் உறுதி வாங்க வேண்டும் என்றது. சேவைகளை நிறுத்த எல்லா நிறுவனத்துக்கும் பொதுவாக 155223 என்ற கட்டணமில்லா எண்ணையும் கொண்டுவந்தது. எழுத்தில் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தச் சம்மதம் வாங்கப்பட்டதா என்பதற்கான பதிவு இருப்பது நிறுவனத்தின் கம்ப்யூட்டரில். பணம் எடுப்பதும் அவர்கள், புகார் வாங்குவதும் அவர்கள், அந்தப் புகாரில் தீர்ப்புச் சொல்வதும் அவர்கள். ஒரு கடையில் கல்லாப்பெட்டி, கணக்கு நோட்டு, பஞ்சாயத்து மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன ஆகும் என்று கடைக்காரனாக எனக்குத் தெரியும். டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. அதன் சட்டத்தில் அந்த அதிகாரம் இல்லை.

பூக்கார அக்காவுக்கு நான் விடவில்லை. முதல் புகாரில் ஜோதிடத்துக்கான 30 ரூபாய் வந்தது. கிரிக்கெட்டுக்கு மட்டும் சம்மதம் பதிவாகியிருக்கிறது என்று மூடிவிட்டார்கள். அப்பீல் போட்டேன். பதிலில் சம்மதம் வாங்கிய நேரத்தை எழுதி அனுப்பினார்கள்: ராத்திரி 2.17. அந்த அக்கா தினமும் போனை அணைத்துச் சாமி படத்துக்குக் கீழே சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிறவர். 2.17-க்கு யார் ஓகே அமுக்கியது, எந்தச் செல்போன் டவர் வழியாக அமுக்கியது என்று கேட்டு மறுபடி எழுதினேன். விளக்கம் வரவில்லை, பத்து ரூபாய் வந்தது. பத்து ரூபாய்க்காக ஆறு வாரம். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவன் கடை நேரத்தில் உட்கார்ந்து எழுதியதால் கிடைத்தது. மற்ற ஆயிரம் பேருக்கு யார் எழுதுவது?

நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாமே என்று தோன்றும். அந்தக் கதவு அப்போது ஏறக்குறைய மூடியிருந்தது. கேரளத்தில் தொலைபேசி இணைப்பைத் துண்டித்தது பற்றிய ஒரு வழக்கில், 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தில், தகராறுகளை நடுவரிடம் விட வேண்டும் என்கிற 7பி பிரிவு இருப்பதால் தொலைபேசித் தகராறுகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. தந்தி அடித்த காலத்துச் சட்டம். அதைக் காட்டியே எத்தனையோ புகார்கள் திருப்பி அனுப்பப்பட்டன. 2022 பிப்ரவரி 16-ஆம் தேதிதான் இது மாறியது. மாதம் சராசரியாக 555 ரூபாய் கட்டிவந்த அகமதாபாத்காரர் ஒருவருக்கு 24,609 ரூபாய்க்கு பில் வந்தது. அவர் 2014-இல் நுகர்வோர் மன்றத்துக்குப் போக, எதிர்த்தரப்பு இந்த 7பி-யைக் காட்டி உச்ச நீதிமன்றம் வரை இழுத்தது. தொலைபேசிச் சேவைக் குறைபாட்டை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. எட்டு வருடம் ஆகியிருக்கிறது, அதுவும் விசாரிக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு மட்டும். என் மனதுக்கு இதுதான் பெரிய அநியாயம். ஏமாற்றியவர்களைவிட, கேட்கப் போகிறவனுக்கு இடமே இல்லாமல் வைத்திருந்தது.

பெரிய மேடையிலும் இதே கணக்குதான் நடந்தது. 2007-இல் கௌன் பனேகா குரோர்பதி என்ற இந்தி டிவி வினாடி வினா நிகழ்ச்சியின் மூன்றாவது சீசனில், வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு எஸ்.எம்.எஸ். போட்டி ஒன்று வைத்தார்கள். பதில் அனுப்ப ஒரு மெசேஜுக்கு 2.40 ரூபாய். சுமார் 5.8 கோடி மெசேஜ்கள் வந்தன, அதாவது 13.92 கோடி ரூபாய். பரிசு ஒரு எபிசோடுக்கு 2 லட்சம், மொத்தத்தில் ஒரு கோடியைக் கொஞ்சம் தாண்டும். 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் இதை முறையற்ற வணிகம் என்று சொல்லி, நிகழ்ச்சியை ஒளிபரப்பிய ஸ்டார் இந்தியா, போன் நிறுவனமான ஏர்டெல் இரண்டுக்கும் சேர்த்து ஒரு கோடி ரூபாய் தண்டனை இழப்பீடு விதித்தது. பரிசுப் பணம் மெசேஜ் கட்டணத்திலிருந்துதான் கொடுக்கப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. தீர்ப்பு தீர்ப்புதான். ஆனால் எந்தப் பணம் எங்கே போனது என்று காட்டும் கணக்கு, வழக்குப் போட்ட நுகர்வோர் அமைப்பின் கையில் எப்படி இருக்கும்? அது நிறுவனங்களின் கையில்தானே இருக்கும்?

இது நம் ஊர்ச் சாபம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவிலும் போன் பில்லில் மாதம் 9.99 டாலர் என்று ஜோதிட மெசேஜுக்கும் நடிகர் நடிகைகளின் வம்புச் செய்திகளுக்கும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் ஜோதிடம்தான், பாருங்கள். 2014 ஜூலையில் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் டி-மொபைல் மீது வழக்குப் போட்டது. ஒவ்வொரு கட்டணத்திலும் 35 முதல் 40 சதவீதம் அந்த நிறுவனத்துக்கே போனது என்பதும், சில சேவைகளில் ஒரே மாதத்தில் 40 சதவீதம் பேர்வரை பணத்தைத் திரும்பக் கேட்டார்கள் என்பதும் அதில் இருந்த குற்றச்சாட்டுகள். பத்துப் பேரில் நான்கு பேர் இது எனக்கு வேண்டாம் என்று சொல்கிற சரக்கைத் தொடர்ந்து விற்றால், அது தெரியாமல் நடந்தது என்று எப்படிச் சொல்வது? ஆனால் அங்கே ஒன்று நடந்தது. ஏ.டி. அண்ட் டி. 10.5 கோடி டாலருக்கும் டி-மொபைல் குறைந்தது 9 கோடி டாலருக்கும் அந்த வருடமே உடன்பட்டன, அதில் பெரும்பகுதி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. தனித்தனியாகப் பத்துப் பத்து டாலருக்கு யாரும் அலையவில்லை, எல்லாருக்காகவும் ஓர் அரசு அமைப்பு போய்க் கேட்டது. என் கடைக் காலத்தில் நமக்கு இல்லாமல் இருந்தது அதுதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அப்பாவின் போனிலிருந்தே 155223-க்கு அடியுங்கள். எந்தெந்தச் சேவை ஓடுகிறது என்று கேட்டு எல்லாவற்றையும் நிறுத்துங்கள், ஒன்றை மட்டும் நிறுத்தினால் இன்னொன்று அடுத்த வாரம் எடுக்கும். பணம் எடுத்து 24 மணி நேரத்துக்குள் சொன்னால் திருப்பித் தர வேண்டும் என்பது 2013 உத்தரவிலேயே இருக்கிறது, அந்த வருடத்தைச் சொல்லியே கேளுங்கள். நேரம் தாண்டிவிட்டாலும் விட வேண்டாம். "சம்மதம் கொடுத்த தேதி, நேரம், வழி மூன்றையும் எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அவர்கள் தடுமாறுவார்கள். பேசி முடிக்கும்போது புகார் எண் மெசேஜாக வரும். அதை அழித்துவிடாமல் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

பதில் சரியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் ஆகவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 7பி பிரிவைக் காட்டி யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால் 2022 தீர்ப்பைச் சொல்லுங்கள்.

நீங்கள் ஸ்மார்ட்போன் வைத்திருந்தால் உங்களுடையதையும் ஒருமுறை பாருங்கள். அன்லிமிடெட் பேக் வந்தபிறகு பேலன்ஸில் எடுக்கக் காசு இல்லை. இப்போது அதே வேலை, வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க அனுமதிக்கும் யு.பி.ஐ. ஆட்டோபேயில் நடக்கிறது. ஒரு ரூபாய்க்கு டிரையல் என்று பின் போட வைத்து, மாதம் 199, 299 என்று எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் இந்தச் சந்தாப் பொறியும் ஒன்று. பணம் அனுப்பும் ஆப்பில் ஆட்டோபே என்ற இடத்தில் போய், தெரியாத பெயர் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

அப்பாவிடம் பேசும்போது அவர் ஓகே அமுக்கினாரா என்று கேட்காதீர்கள். கடைசியாக எந்தத் தேதியில் பணம் குறைந்தது என்று மட்டும் கேளுங்கள். நேற்றோ இன்றோ என்றால் இந்தப் பதிலைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் 155223.