நார்னியா: எந்தப் புத்தகத்தை முதலில் கொடுப்பது?

கேள்வி: ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு சி.எஸ். லூயிஸின் நார்னியா ஏழு புத்தகங்களையும் வாங்கிவிட்டேன். செட்டில் ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’வுக்கு 1 என்று எண் போட்டிருக்கிறார்கள். அதில் ஆரம்பிக்காதே என்கிறாள் தோழி. மதப் பிரச்சாரம், கொடுக்கவே வேண்டாம் என்கிறார் நாத்தனார். என்ன செய்ய?

பதில்: தோழி பேச்சைக் கேளுங்கள். அந்த எண், கதைக்குள் எது முன்னால் நடந்தது என்கிற கணக்கு, அவ்வளவுதான். 1950-ல் முதலில் வந்தது ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’; ‘நெஃப்யூ’ 1955-ல், ஆறாவதாக வந்தது. அதில் லூசி என்ற சிறுமி அலமாரிக்குள் கோட்டுகளை விலக்கிக்கொண்டே போகும்போது காலடியில் ஏதோ நொறுங்க, அந்துருண்டையோ என்று குனிந்து தொட்டால் பனி, அப்புறம் காட்டுக்கு நடுவே சம்பந்தமே இல்லாமல் ஒரு விளக்குக் கம்பம். அது எப்படி அங்கே வந்தது என்று ‘நெஃப்யூ’ சொல்லிவிடும். முதலிலேயே தெரிந்துவிட்டால் என்ன சுவாரசியம்? ‘நெஃப்யூ’தான் முதலில் என்று அம்மாவோடு மல்லுக்கட்டிய ஒரு பையனுக்கு 1957-ல் எழுதிய பதிலில் லூயிஸ் பையன் பக்கம்தான் சாய்ந்தார் என்பது உண்மை. ஆனால் எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வித்தியாசமில்லை என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்.

‘நெஃப்யூ’வைப் பிறகு கொடுக்கச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. 1898-ல் பெல்ஃபாஸ்டில் பிறந்த லூயிஸுக்கு ஒன்பது வயதில் அம்மா புற்றுநோயில் போய்விட்டார். அந்தக் கதையில் டிகரி என்ற பையன் கொண்டுவரும் ஆப்பிளைச் சாப்பிட்டு, சாகக் கிடந்த அவன் அம்மா பிழைத்துக்கொள்கிறாள். ஐம்பது வயது தாண்டிய மனிதர் எழுதியது இது. மகள் கொஞ்சம் ஊறிய பிறகு படித்தால் மனதில் நிற்கும்.

நாத்தனார் சொல்வதில் பாதி சரி. அஸ்லான் என்ற சிங்கத்துக்குப் பின்னால் கிறிஸ்து இருப்பதை லூயிஸ் மறைக்கவில்லை. ஆனால் பதின்வயதில் நாத்திகரானவர், ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் கற்பித்துக்கொண்டிருந்தபோது, ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய நண்பர் டோல்கீனும் இன்னொரு நண்பரும் 1931-ல் ஒரு ராத்திரி நடந்துகொண்டே பேசிய பிறகுதான் கிறிஸ்தவத்துக்குத் திரும்பினார். (தீவிரக் கத்தோலிக்கரான அந்த டோல்கீனுக்கே நார்னியா பிடிக்கவில்லை!) கதைக்கு விதையும் மதமில்லை, குடையும் பொட்டலங்களுமாகப் பனிக்காட்டில் போகும் ஆட்டுக்கால் மனிதன் ஒருவன், பதினாறு வயதில் மனதில் விழுந்த படம். சிங்கம் பிற்பாடுதான் வந்தது. குழந்தை அதைச் சிங்கமாகவே படிக்கட்டும், கேட்டால் சொல்லுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. ‘தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்’ புத்தகத்தில் தலைப்பாகை கட்டிய கருத்த தோல்காரர்கள் பெரும்பாலும் கொடூரக்காரர்கள். அதை மட்டும் மகளோடு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.