ரிலே சோதிக்கிற தம்பிக்கு

அன்புள்ள அண்ணா,

நான் எலெக்ட்ரிகல் முடித்து மூன்று வருடம் ஆகிறது. ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் இருக்கிறேன். தென்மாவட்டங்களில் சப்ஸ்டேஷன் சப்ஸ்டேஷனாகப் போய் ரிலே சோதிப்பதுதான் வேலை. கூடப் படித்தவர்கள் பெங்களூரில் ஏஐ, ரோபோ என்று இருக்கிறார்கள். தீபாவளிக்கு ஊரில் சந்தித்தபோது "இன்னும் டப்பாவைத் திறந்து மூடிக்கிட்டுத்தான் இருக்கியா?" என்று ஒருவன் கேட்டான். சிரித்து வைத்தேன், ராத்திரி தூக்கம் வரவில்லை. எதிர்காலத்தை இன்ஜினியர்கள்தான் உருவாக்குகிறார்கள் என்கிறார்களே, அதில் நானும் உண்டா? ஆறு மாத ஏஐ கோர்ஸ் ஒன்றில் சேரலாமா என்றும் யோசிக்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

கோர்ஸ் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் அந்த டப்பா, அதாவது ரிலே: லைனில் கோளாறு தெரிந்தால் தானாகவே கரண்டை வெட்டச் சொல்கிற காவல்கருவி.

என் தாய்மாமா மின்கட்டுப்பாட்டு அறையில் ஷிஃப்ட் பார்த்தவர். கல்லூரி நாட்களில் ஒருமுறை அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். சுவரில் சிவப்பு எழுத்தில் ஓர் எண் ஓடிக்கொண்டிருந்தது. அது ஃப்ரீக்வென்சி, கரண்ட் வினாடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்ற கணக்கு. இருக்க வேண்டியது 50. அன்றைக்கு அது 49-க்கும் கீழே கிடந்தது. மாமா தயிர்சாதத்தைப் பிசைந்தது, சாப்பிட்டது, கை கழுவப் போனது எல்லாமே அந்த எண்ணைப் பார்த்தபடிதான். வீட்டில் ஃபேன் சத்தம் கொஞ்சம் மாறினாலும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நாம் இழுக்கிற கரண்ட் உற்பத்தியைவிடக் கூடினால் அனல்மின் நிலையங்களில் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றுகிற அந்த ராட்சத ரோட்டர்கள் மெதுவாகத் தொடங்கும், எண் இறங்கும். அவற்றின் கனம்தான் நமக்குச் சில வினாடி அவகாசம் தருகிறது. அதற்குள் சமாளிக்க முடியாமல் எண் இன்னும் சரிந்தால், சப்ஸ்டேஷனில் இருக்கும் அண்டர் ஃப்ரீக்வென்சி ரிலே சில ஃபீடர்களை, அதாவது ஊர்களுக்குக் கரண்ட் கொண்டுபோகிற லைன்களை, வெட்டிவிடும். சில ஊர்களை இருட்டாக்கி மொத்த கிரிட்டையும், அதாவது மின்சார வலைப்பின்னலையும், காப்பாற்றுகிற டப்பா அது. 2013 டிசம்பர் 31-ல் தென்னகக் கிரிட் மற்ற கிரிட்டுகளோடு சேர்ந்த பிறகு இந்தியா முழுக்க ஒரே துடிப்பு, ஆகவே இந்த ரிலேயின் பொறுப்பும் பெரியது.

இப்போது அந்த டப்பாவுக்கு வெளியே உலகம் மாறிவிட்டது. சோலாரில் சுற்றுகிற இரும்பு எதுவும் கிடையாது. கூரைக்குக் கூரை பேனல் வந்த ஒரு ஃபீடரில் உச்சிவெயில் நேரத்தில் கரண்ட் திரும்பி சப்ஸ்டேஷனுக்குள் வரலாம். அந்த நேரம் பார்த்து எண் சரிந்து, ரிலே அந்த ஃபீடரை வெட்டினால்? சுமையைக் குறைப்பதாக நினைத்துக்கொண்டு உற்பத்தியைக் குறைக்கும். காப்பாற்ற வைத்த ஆளே தள்ளிவிடுகிற மாதிரி.

இது வெறும் கற்பனை இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2023-ன் கடைசி நாளில், ஒரு பகல்பொழுது, மாநிலத் தேவை முழுவதையும் கூரை சோலாரே கொடுத்துவிட்டது. ஃபீடர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, திரும்பி ஓடும்போது வெட்டாமல் ஒதுங்கி நிற்கிற ரிலேக்களை அங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். யாரோ உங்களைப் போல ஒருவர் டப்பாவைத் திறந்து செய்த வேலை அது.

அதே மாநிலத்தில் 2016 செப்டம்பர் 28-ம் தேதி நடந்ததை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். சூறாவளியில் டவர்கள் சாய்ந்தன, இரண்டு நிமிடத்துக்குள் வோல்டேஜ் ஆறு முறை அமுங்கி எழுந்தது. காற்றாலைகளுக்குத் தாங்குகிற சக்தி இருந்தது. ஆனால் ஒன்பது காற்றாலைப் பண்ணைகளின் கண்ட்ரோலில், இத்தனை தடவைக்கு மேல் வோல்டேஜ் அமுங்கினால் உற்பத்தியைக் குறை என்று ஒரு செட்டிங் இருந்தது. 456 மெகாவாட் போய்விட்டது. பக்கத்து மாநிலமான விக்டோரியாவிலிருந்து வரும் லைன் அந்தப் பாரம் தாங்காமல் தானாகவே துண்டித்துக்கொண்டது. எண் சரிந்த வேகத்துக்கு ரிலேக்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. மாநிலம் முழுக்க இருட்டு. அப்படி ஒரு செட்டிங் இருப்பதே கிரிட்டை நடத்தியவர்களுக்கு அதுவரை தெரியாது. காற்றாலையே கூடாது என்று அரசியல் சண்டை ஒரு பக்கம் நடக்க, இன்ஜினியர்கள் அந்த செட்டிங்கைத் தேடிக் கண்டுபிடித்து மாற்றினார்கள். எனக்கு இதைப் படித்தபோது மாமாவின் முகம்தான் ஞாபகம் வந்தது.

அடுத்த ஆண்டே அங்கே ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரி வந்தது. எல்லோரும் அதைத்தான் பேசினார்கள், பேச வேண்டியதும்தான். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது, சோலாரிலும் பேட்டரியிலும் இருந்து வரும் கரண்டை கிரிட்டுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற இன்வெர்ட்டருக்குள் நடக்கும் மாற்றம். இதுவரை வந்த பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் மாதிரி: கிரிட் பாடினால் கூடப் பாடும், கிரிட் நின்றால் நின்றுவிடும். இப்போது வருகிற கிரிட் ஃபார்மிங் இன்வெர்ட்டர் தானே சுருதி பிடித்து முன்பாட்டுப் பாடக்கூடியது. ரோட்டரின் கனம் செய்த வேலையை ஒரு புரோகிராம் செய்யப் பார்க்கிறது. அதை எவ்வளவு நம்பலாம், எந்த இடத்தில் எந்த செட்டிங்கை வைக்கலாம் என்பதற்கெல்லாம் களத்தில் நிற்கிற ஆள் வேண்டும். ஆடிக்காற்றில் ஆரல்வாய்மொழியில் காத்தாடிகள் சுற்றுகிற வேகத்தைப் பார்த்த ஆள், சாயங்காலம் சோலார் இறங்கும்போது லோடு எப்படி ஏறுகிறது என்று மீட்டரில் பார்த்த ஆள். நீங்கள் அங்கேதான் நிற்கிறீர்கள், தம்பி.

கோர்ஸ் விஷயம். கடன் வாங்கிக் கட்டுவதாக இருந்தால் வேண்டாம். பைத்தான் புரோகிராமிங் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள், அதற்கு இணையமே போதும். ரிலேயில் பதிவாகும் ஃபால்ட் ரெக்கார்டுகளை வைத்துப் பழகுங்கள், கம்பெனியில் முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு. காற்று நாளைக்கு எவ்வளவு வீசும், லோடு எவ்வளவு ஏறும் என்று கணிப்பதில் ஏஐ உண்மையாகவே பயன்படுகிறது, அதையும் படிக்கலாம். ஆனால் கிரிட்டைத் தெரிந்தவர் ஏஐ படிப்பதும், ஏஐ மட்டும் தெரிந்தவர் கிரிட்டுக்குள் வருவதும் ஒன்றல்ல. உங்களுக்கு முதல் பாதி ஏற்கனவே கையில் இருக்கிறது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கூரை சோலார் நிறைய உள்ள ஊரின் சப்ஸ்டேஷனுக்குப் போகும்போது, மத்தியானம் 12 மணிவாக்கில் ஒவ்வொரு ஃபீடரிலும் கரண்ட் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். எதிலாவது திரும்பி ஓடினால், அந்த ஃபீடர் அண்டர் ஃப்ரீக்வென்சி பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்து, இருந்தால் அங்குள்ள ஏ.இ.யிடம் (உதவிப் பொறியாளர்) சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்