கடலோர வரைபடமும் தொல்லியல் எல்லையும்: கேள்வி பதில்

தமிழகக் கடற்கரைக்கு அரசு வெளியிடும் தொல்லியல் எல்லை, சி.ஆர்.இசட். (கடற்கரை ஒழுங்குமுறை மண்டல) வரைபடம், கடல் ஆழத் தரவு ஆகியவை பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கேள்வி (மாமல்லபுரம்): மத்தியத் தொல்லியல் துறை மண்டபம் ஒன்றின் சுவரிலிருந்து என் மனை வரை இஸ்ரோவின் புவன் வரைபடத் தளத்தில் அளந்தேன் சார். 112 மீட்டர் வருகிறது. நூறைத் தாண்டிவிட்டதே, வீடு கட்டலாமா?

பதில்: சுவரிலிருந்து அளந்தால் அந்தக் கணக்கு செல்லாது. 1958-ஆம் ஆண்டு நினைவுச்சின்னச் சட்டத்தின் 2010 திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்துதான் 100 மீட்டர் தடை மண்டலம் தொடங்குகிறது. கம்பி வேலியையும் எல்லை என்று நினைக்காதீர்கள். அரசிதழ் அறிவிக்கையில் எந்த சர்வே எண் இருக்கிறதோ அதுதான் எல்லை. வேலி அதற்கு உள்ளே தள்ளியும் போட்டிருப்பார்கள்.

112 சரியாகவே இருந்தாலும், தடை மண்டலத்துக்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குமுறை மண்டலம். அங்கே தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் தடையின்மைச் சான்று இல்லாமல் அஸ்திவாரம் தோண்டக் கூடாது. தடை மண்டலத்துக்குள் புதுக் கட்டடத்துக்கு வழியே இல்லை. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடு என்றால் பழுதுபார்க்க விண்ணப்பிக்கலாம். அந்தக் காலத்து வீட்டு வரி ரசீது, மின் இணைப்புக் காகிதம் இருந்தால் எடுத்து வையுங்கள்.

இஸ்ரோ உருவாக்கிய ஸ்மாராக் செயலி, நிற்கும் இடம் எந்த மண்டலம் என்று காட்டும். ஆனால் கைப்பேசி ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் முன்னே பின்னே போகும். கோட்டை ஒட்டிய மனைக்கு எஃப்.எம்.பி. (புல அளவைப் படம்) நகலை வைத்து நில அளவரைக் கொண்டு அளப்பதுதான் வழி.

கேள்வி (தரங்கம்பாடி): டேனிஷ் கோட்டைக்கும் இதே 100, 200 கணக்குதானா?

பதில்: அப்படியே பொருந்தாது. அது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதற்கு 1966-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம். அத்துறையிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிடுங்கள். சி.ஆர்.இசட். அனுமதி தனி.

கேள்வி (கடலூர், மாணவி): சி.ஆர்.இசட். வரைபடம் பிடிஎஃப் ஆகத்தான் கிடைக்கிறது. கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் எப்படி ஏற்றுவது?

பதில்: முதலில் எந்த அளவுகோல் என்று பாருங்கள். 1:25,000 மாவட்ட அளவிலானது. அதில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 25 மீட்டர். அரை மில்லிமீட்டர் கோட்டின் தடிமனே 12.5 மீட்டர். மனை, தெரு என்று பேச 1:4,000 கிராம அளவுத் தாள்தான் வேண்டும்.

அதை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) டிஃப் படமாக மாற்றினால் ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.34 மீட்டர். அதற்கு மேல் டிபிஐ கூட்டினால் கோப்புதான் பெருக்கும், துல்லியம் கூடாது. படத்தைப் பூமியின் இடத்தோடு பொருத்தும் ஜியோரெஃபரன்சர் கருவியில் திறந்து, அட்சரேகையும் தீர்க்கரேகையும் வெட்டும் சிலுவைக் குறிகளில் புள்ளி வையுங்கள். மூன்று போதும் என்று மென்பொருள் சொல்லும். குறைந்தது ஆறு வையுங்கள், நான்கு மூலையிலும் நடுவிலும் பரவலாக. மூன்று புள்ளியில் பிழை எப்போதும் பூஜ்யம் என்றே வரும், தவறு மறைந்துவிடும்.

எல்லாரும் சறுக்கும் இடம், பாகை-கலை-விகலையைத் தசமமாக்குவது. 12°37′30″ என்பது 12.625. அதை 12.3730 என்று அடித்துவிட்டு ஊர் ஏன் கால் பாகை தெற்கே போனது என்று தேடுவார்கள். உருமாற்றத்துக்கு பாலினோமியல் 1, மறுமாதிரிக்கு நியரஸ்ட் நெய்பர். வேறு முறை எடுத்தால் மண்டல நிறங்கள் ஒன்றோடொன்று கலங்கும். சராசரிப் பிழை மூன்று பிக்சலுக்குள், அதாவது ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள், நின்றால் ஏற்றுக்கொள்ளலாம்.

அடுத்து, ஈ.பி.எஸ்.ஜி. 32644-க்கு (மீட்டரில் அளக்கும் யூ.டி.எம். முறையின் 44-ஆம் மண்டலம்) மாற்றிச் சேமித்த பிறகே பஃபர், அதாவது குறிப்பிட்ட தூரத்துக்குச் சுற்றெல்லை, போடுங்கள். பாகையில் இருக்கும் அடுக்குக்கு 100 என்று கொடுத்தால் நூறு பாகைக்குப் போடும்.

கேள்வி (நாகர்கோவில்): நான் 32644 போட்டுத்தான் வட்டக்கோட்டை ஜிபிஎஸ் புள்ளிகளை ஏற்றினேன். எங்கேயோ போய் விழுகிறது அண்ணே.

பதில்: 78° தீர்க்கரேகைக்கு மேற்கே யூ.டி.எம். மண்டலம் மாறிவிடும். கன்னியாகுமரி, கூடங்குளம் எல்லாம் 43-ஆம் மண்டலம்: 32643. திருச்செந்தூர் தொடங்கி வடகிழக்கே 44. தூத்துக்குடி, திருநெல்வேலி, குமரி மூன்றையும் ஒரே கோப்பில் வைப்பவர்கள் பாகையிலேயே வைத்துக்கொண்டு, அளக்கும்போது மட்டும் அந்தந்த மண்டலத்துக்கு மாற்றட்டும். இன்னொன்று: பழைய சர்வே ஆஃப் இந்தியா தாள்கள் எவரெஸ்ட் என்ற பழைய புவி அளவை அடித்தளத்தில் வரைந்தவை. அந்த எண்களை டபிள்யூஜிஎஸ் 84 (ஜிபிஎஸ் பயன்படுத்தும் அடித்தளம்) என்று சொல்லி ஏற்றினால் நூறு மீட்டருக்கு மேல் நகரும். தடை மண்டலத்தின் முழு அகலமும் அதில் போய்விடும்.

கேள்வி (பூம்புகார்): கடலுக்குள் இருக்கும் தொல்லெச்சங்கள் சி.ஆர்.இசட். வரைபடத்தில் வருமா?

பதில்: விதியில் இடம் உண்டு. 2019 ஜனவரி 18 சி.ஆர்.இசட். அறிவிக்கையின் முதல் வகை 'ஏ' பட்டியலில் பவளப்பாறை, கடற்புல், ஆமை முட்டையிடும் கரை, சதுப்புநிலக்காடு இவற்றோடு தொல்லியல் முக்கியத்துவம் உள்ள கட்டமைப்புகளும் வருகின்றன. ஆனால் தாளில் நிறம் இல்லை என்றால் கீழே ஒன்றும் இல்லை என்று பொருளல்ல. யாரும் எல்லை வரைந்து கொடுக்கவில்லை என்றும் இருக்கலாம். பூம்புகார் கடலில் தேசியக் கடலியல் நிறுவனம் செய்த அகழாய்வு அறிக்கைகளைத் தனியே எடுத்துப் பாருங்கள்.

கேள்வி (இராமநாதபுரம்): கடற்படை சார்ட்டின் ஆழத்தையும் நில உயரத்தையும் இணைத்து ஒரே கணினி மாதிரி (மாடல்) ஆக்கலாமா?

பதில்: நேரடியாகக் கூடாது. டேராடூன் நீர்வரைவியல் அலுவலகச் சார்ட்டில் ஆழம் தாழ் நீர்மட்டத்திலிருந்து கணக்கு. நில உயரம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அருகிலுள்ள துறைமுகத்தின் ஓத அட்டவணையில் இருக்கும். அது 0.6 என்று வைத்துக்கொண்டால், சார்ட்டில் 3 மீட்டர் என்பது உங்கள் மாதிரியில் −3.6. பாக் விரிகுடா மாதிரி ஆழம் குறைந்த இடத்தில் இதை விட்டால் கரையோரமே தவறாக வரும்.

கேள்வி (காசிமேடு, மீனவர் சங்கம்): வலை உலர்த்தும் இடம், படகு நிறுத்தும் இடம் சி.ஆர்.இசட். வரைவுத் திட்டத்தில் இல்லை. எப்படி ஆட்சேபணை கொடுப்பது?

பதில்: "எங்கள் இடத்தை விட்டுவிட்டீர்கள்" என்று பொதுவாக எழுதிய மனுவை ஓரமாக வைத்துவிடுவார்கள். வரைபடத் தாள் எண்ணைக் குறிப்பிடுங்கள். இடத்தின் நான்கு மூலைக்கும் தசமப் பாகையில் ஐந்து இலக்கம் வரை எண் கொடுங்கள். ஐந்தாம் இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர். சர்வே எண் இருந்தால் அதையும், இல்லையென்றால் 'புறம்போக்கு' என்றும் எழுதுங்கள். படகுகள் நிற்கும் பருவத்தில் எடுத்த, தேதியும் இடமும் பதிந்த புகைப்படங்களை இணையுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசினாலும், எழுத்தில் கொடுத்து முத்திரையிட்ட ரசீது வாங்காமல் வராதீர்கள்.