பிலாத்துவுக்குப் போன செய்தி

கேள்வி: என் மகள் சென்னையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ரோமப் பேரரசு பற்றிய பாடத்தில் இயேசுவின் மரணத்தை, "கலகக் குற்றச்சாட்டின் பேரில் ஒரு மாகாண ஆளுநர் நிறைவேற்றிய மரண தண்டனை" என்று நடத்தியிருக்கிறார்கள். பாவமன்னிப்பு, உயிர்த்தெழுதல் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இரட்சகரின் மரணத்தை வெறும் சரித்திரச் சம்பவமாக்குவது விசுவாசத்தை அழிக்கிற வேலை அல்லவா? கல்லூரிக்கு மனு கொடுக்கலாம் என்று எங்கள் சபையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கிறிஸ்தவப் பத்திரிகை நடத்தும் நீங்கள் ஏன் கண்டிக்காமல் இருக்கிறீர்கள்?
— ஒரு தகப்பன், பெரம்பூர்

பதில்: கண்டிக்க மாட்டோம், ஐயா. மனு வந்தால் அதில் நான் கையெழுத்துப் போடவும் மாட்டேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்த ஆசிரியை சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பதில் பொய் எதுவும் எனக்குத் தென்படவில்லை. மாகாண ஆளுநர் என்கிறார், யூதேயாவை ரோமுக்காக ஆண்ட பிலாத்து அதுதான். கலகக் குற்றச்சாட்டு என்கிறார். லூக்கா 23-ஆம் அதிகாரம் இரண்டாம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். ஜனங்களைக் கலகப்படுத்துகிறான், இராயனுக்கு வரி கொடுக்க வேண்டாம் என்கிறான், தன்னை ராஜா என்கிறான் என்றுதான் பிலாத்துவிடம் முறையிட்டார்கள். சிலுவையின் மேல் எபிரெயு, கிரேக்கு, லத்தீன் ஆகிய மூன்று பாஷைகளில் எழுதி மாட்டிய பலகையில் இருந்ததும் அதே 'யூதருடைய ராஜா'தான். சுவிசேஷத்தில் இருப்பதை வகுப்பறையில் ஒருவர் சொன்னால் நம் விசுவாசம் எப்படி அழியும்?

ஞாயிறுதோறும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்கிறீர்களே, அதில் இயேசுவைத் தவிர எத்தனை மனிதர்களின் பெயர் வருகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டே பெயர்கள். ஒன்று மரியாள், இன்னொன்று பொந்தியு பிலாத்து. பேதுரு இல்லை, பவுல் இல்லை, ஆபிரகாம்கூட இல்லை. ஆனால் ஒரு ரோம அதிகாரியின் பெயரைச் சின்னப் பிள்ளைகள் முதல் தாத்தா பாட்டி வரை மனப்பாடமாகச் சொல்கிறோம். இந்த மரணம் 'ஒரு காலத்தில், ஒரு ஊரில்' நடந்த கதையாகிவிடக் கூடாது என்று சபை அப்படி ஒரு தேதியைக் குத்தி வைத்தது. கிறிஸ்து பாடுபட்டதுபோலத் தோன்றினார், உண்மையில் அவருக்கு வலிக்கவே இல்லை என்று போதித்தவர்கள் ஆதிநாட்களிலேயே இருந்தார்கள். அந்தியோகியாவின் இக்நேஷியஸ், இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைதியாக ரோமுக்குப் போகும் வழியில் எழுதிய கடிதங்களில் அவர்களை மறுத்து, பிலாத்துவின் நாட்களில் மெய்யாகவே அறையுண்டார், மெய்யாகவே மரித்தார் என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார். சரித்திரத்தை விட்டுவிட்டு விசுவாசத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையைச் சபை அன்றைக்கே தள்ளிவிட்டது.

அப்புறம் இன்னொன்று. பெரிய வெள்ளிக்கிழமை நெருங்கும்போது நம்மவர்களின் வாட்ஸ்அப்பில் வருவது என்ன? "ரோம வரலாற்றாசிரியர் தாசிட்டஸே இயேசுவின் மரணத்தை எழுதியிருக்கிறார்!" உண்மைதான். 116-ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய நூலில், ரோமப் பேரரசர் திபேரியு ஆட்சியில் பிலாத்துவால் கிறிஸ்து கொல்லப்பட்டதாக அவர் எழுதினார். நம் மார்க்கத்தைக் கேடு விளைவிக்கும் மூடநம்பிக்கை என்று திட்டிக்கொண்டேதான் எழுதினார். பாவமன்னிப்பு பற்றி அவர் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அதையும் பெருமையோடு அனுப்புகிறோம். 1961-இல் செசரியாவின் பழைய அரங்கில், படிக்கட்டில் பதித்திருந்த கல்லொன்றில் பிலாத்துவின் பெயர் கிடைத்தது. அதையும் வேதபாட வகுப்பில் திரையில் போட்டுக் காட்டுகிறோம். சான்று நமக்கு உதவும்போது கைதட்டிவிட்டு, அதே முறையில் ஒரு ஆசிரியை பாடம் நடத்தினால் மனு எழுதுவது நேர்மை ஆகாது.

விசுவாசம் இல்லாத எழுத்துக்குள் விசுவாசத்தைத் திணித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே ஒரு பழைய பாடம் இருக்கிறது. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், 93-ஆம் ஆண்டு வாக்கில் எழுதி முடித்த பெரிய நூலில் இயேசுவைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. பிலாத்து அவரைச் சிலுவைக்கு ஒப்புவித்தான் என்று சொல்லும் அந்தப் பத்தியிலேயே "இவரே கிறிஸ்து" என்றும், மூன்றாம் நாள் உயிரோடு தோன்றினார் என்றும் இருக்கிறது. கிறிஸ்துவை ஏற்காத ஒரு யூதர் இப்படி எழுதுவாரா? பிற்காலத்தில் ஏடுகளைப் படியெடுத்த கிறிஸ்தவக் கைகள் சேர்த்த வரிகள் இவை என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. சேர்த்தவர் பக்தியோடுதான் சேர்த்திருப்பார். ஆனால் விளைவு? முழுப் பத்தியின் மேலும் சந்தேகம் விழுந்தது. அவர் எழுதியதை அப்படியே விட்டிருந்தால், நம்மோடு சேராத ஒருவரின் சாட்சி சுத்தமாக நம் கையில் இருந்திருக்கும். உங்கள் சபையார் எழுத நினைக்கும் மனுவும் இதையே கேட்கிறது, ஐயா: ஆசிரியையின் பாடத்தில் நாம் இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்கிறது.

உங்கள் பயத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. "நடந்தது இவ்வளவுதான், மிச்சமெல்லாம் கட்டுக்கதை" என்று அந்த அம்மா சொல்லியிருந்தால், அது சரித்திர எல்லையைத் தாண்டிய பேச்சு. பவுல் கொரிந்தியருக்கு 50-களின் நடுவில் எழுதுகிறார்: கிறிஸ்து நமது பாவங்களுக்காக மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார் என்று தான் அடைந்ததை ஒப்புவித்ததாகச் சொல்கிறார். அப்படியென்றால் இந்த அறிக்கை அவருக்கும் முந்தையது. சீஷர்கள் அவ்வளவு சீக்கிரத்தில் இதை அறிவித்தார்கள் என்பதைச் சரித்திரம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். தேவன் எழுப்பினாரா என்பதை நிரூபிக்கவோ மறுக்கவோ அதனிடம் கருவி இல்லை. மறுத்துப் பேசினால் உங்கள் மகள் எழுந்து, "மேடம், இது சான்றா, உங்கள் கருத்தா?" என்று மரியாதையாகக் கேட்கட்டும். ஆனால் அவர் மறுத்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அவர் பேசாமல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

கிறிஸ்தவர்கள் எல்லாரும் இதில் ஒரே கருத்து என்றும் சொல்ல மாட்டேன். ஆராய்ச்சியாளர்கள் கட்டியெழுப்பும் இயேசுவும் சபை பிரசங்கிக்கும் கிறிஸ்துவும் ஒன்றல்ல என்று 1892-லேயே ஜெர்மானிய இறையியலாளர் மார்ட்டின் கேலர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபையின் வேதாகம ஆணையமோ 1993-இல், பழைய நூல்களின் பொருளை அறிய வரலாற்று ஆய்வு முறை தவிர்க்க முடியாதது என்றது. நம் கீழ்ப்பாக்கம் குருகுல் இறையியல் கல்லூரியில் தலித் இறையியல் துறையை நடத்திய அரவிந்த் நிர்மல் போன்றவர்களுக்கு, அதிகாரம் ஒரு எளியவரை நொறுக்கிக் கொன்றது என்பது சிலுவைச் செய்தியின் நடுப்பகுதி. ஆக, 'அரசியல் கொலை' என்ற சொல் நமக்கு வெளியிலிருந்து வந்தது என்று எண்ண வேண்டாம்.

சொல்லாமல் விட முடியாத ஒன்றும் உண்டு. பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைகளில் "யூதர்கள் கொன்றார்கள்" என்று பிரசங்க பீடத்திலிருந்து சொல்ல நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு ஐரோப்பாவில் எவ்வளவு இரத்தம் சிந்த வைத்தது என்பது ஊரறிந்த விஷயம். அந்தப் பழியை யூதர் எல்லார் மேலும் போட முடியாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல்தான் எழுதி வைத்தது. 'ரோம ஆளுநர் கொன்றார்' என்ற அந்த வகுப்பறை வாக்கியம் நம் சில பிரசங்கங்களைவிடச் சரியானது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1968-இல் எருசலேமுக்கு வடக்கே ஒரு கல்லறையில் எலும்புப் பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே ஒரு குதிகால் எலும்பு, அதில் பாய்ந்த இரும்பு ஆணி அப்படியே இருந்தது. ஆணியின் நுனி வளைந்திருக்கிறது. பிடுங்க வரவில்லை போல. ஆணியோடே அடக்கம் செய்திருக்கிறார்கள். பெட்டியில் எழுதியிருந்த பெயர், நாம் யோவான் என்று சொல்லும் அதே பெயர். அதன் படத்தை அச்சுக்காக என் மேசையில் வைத்திருந்தபோது என் விரல் அந்த வளைந்த நுனியின் மேலேயே நின்றது. அதில் உபதேசம் எதுவும் எழுதியில்லை, வெறும் எலும்பும் இரும்பும். ஆனால் அன்றிலிருந்து 'ஆணிகள் பாய்ந்த பாதம்' என்று பாட வரும்போது எனக்குக் குரல் அடைக்கிறது.

சரி, மாற்கு 15-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். சிலுவைக்கு எதிரே நின்ற நூற்றுக்கு அதிபதி என்ற ரோமப் படை அதிகாரி, "மெய்யாகவே இந்த மனுஷன் தேவனுடைய குமாரன்" என்கிறான். நான்கு வசனம் தள்ளி, அரிமத்தியா யோசேப்பு இயேசுவின் சரீரத்தைக் கேட்டு வருகிறார். அதற்குள்ளா மரித்தார் என்று பிலாத்து ஆச்சரியப்பட்டு, அதே நூற்றுக்கு அதிபதியை அழைத்து விசாரிக்கிறான். இவன் பிலாத்துவிடம் என்ன சொன்னான்? மாற்கு அந்த வார்த்தைகளை எழுதவில்லை. தேவனுடைய குமாரன் என்று ஆளுநரிடம் அவன் அறிக்கை செய்ததாக எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. பிலாத்து கேட்டது, ஆள் மரித்தானா என்பது. அதற்கு வேண்டிய பதில், மரித்தாயிற்று என்பது. அந்த ஒற்றை வரியின் பேரில்தான் சரீரம் யோசேப்பிடம் கொடுக்கப்பட்டது. அந்தச் செய்தி போயிராவிட்டால் துப்பட்டி இல்லை, கல்லறை இல்லை, ஞாயிறு காலையில் ஸ்திரீகள் போய்ப் பார்க்கத் திறந்த கல்லறையும் இல்லை. நூற்றுக்கு அதிபதி சிலுவையடியில் சொன்னதை ஆளுநர் முன் சொல்லாததால் அவன் மறுதலித்தவன் ஆகிவிட்டானா?

மனுவை ஓரமாக வையுங்கள், ஐயா. இந்தச் சனிக்கிழமை இராத்திரி சாப்பாடு முடிந்ததும் மகளைக் கூப்பிட்டு, அவளுடைய வரலாற்று நோட்டையும் வேதப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாற்கு 15-ஐ முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம் வரை அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டாம். நாற்பத்துநான்காம் வசனத்தில் நிறுத்தி, "பிலாத்துவிடம் அவன் என்னம்மா சொல்லியிருப்பான்?" என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை எனக்கு எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் போடுகிறேன்.