சொந்த டொமைனிலிருந்து அனுப்பும் மின்னஞ்சல் ஏன் ஸ்பேமுக்குப் போகிறது?

மின்னஞ்சல்களை அனுப்புவதற்காக 1982-இல் வகுக்கப்பட்ட எஸ்எம்டிபி நெறிமுறை, அனுப்புநர் இடத்தில் யார் எந்த முகவரியை எழுதினாலும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டதால், அந்தக் குறையை ஈடுகட்ட எஸ்பிஎஃப் (டொமைனின் பெயரில் எந்தச் சர்வர்கள் அஞ்சல் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (அஞ்சலில் இடப்படும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (இந்தச் சோதனைகளில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) ஆகியவை பின்னாளில் சேர்க்கப்பட்டன. உங்கள் டொமைனில் இவை சரியாக அமையாததே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

பலர் தடுமாறுவது எஸ்பிஎஃப்பில்தான். அலுவலக அஞ்சலுக்கு ஒரு பதிவு, செய்திமடல் சேவைக்கு இன்னொன்று என்று, டொமைனின் விவரங்கள் பதிவாகும் டிஎன்எஸ்ஸில் இரண்டு வரிகளைச் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம் என்பதால், சோதனை பிழையில் முடிந்து, இரண்டுமே பயனற்றுப் போகின்றன. அனுமதிக்க வேண்டிய சர்வர்கள் அனைத்தையும் ஒரே வரியில் இணைத்து எழுதுங்கள்.

2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு இம்மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கியுள்ளது. தொல்லைதான், ஆனாலும் நியாயமான தொல்லை என்பேன். எல்லாம் சரியாக இருந்தும் ஸ்பேமுக்கே போனால், சர்வரின் ஐபி முகவரி தடைப்பட்டியல்களில் உள்ளதா என்று பாருங்கள்.